காரைக்குடியில் ஒரு குழந்தைப் பாதுகாப்புப் பயிலரங்கு: காலை அமர்வு சுமார், பிற்பகல் அமர்வு அவசியம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடி செக்காலைப் பகுதியில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை குறித்து ஒரு நாள் பயிலரங்கு நடைபெற்றது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குழுவினர் நடத்தினார்கள். பெரியவர்களுக்கு 200 ரூபாய். உடன் வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மதியச் சாப்பாடும் 32 பக்கக் கையேடும் அதில் அடக்கம். குறைகளை அவர்களுக்கே விரிவாக எழுதி அனுப்பிவிட்டதால், குழுவின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். கோட்டையூரில் வீட்டிலேயே ட்யூஷன் நடத்தும் நான், என் மகளுக்காக மட்டுமன்றி, சாயங்காலம் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்காரும் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்காகவும் போயிருந்தேன்.

காலை அமர்வு பிள்ளைகளுக்கானது. துணிப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தெந்த இடங்களைப் பிறர் தொடக் கூடாது என்று ஓர் இளம்பெண் விளக்கினார். "வேண்டாம் என்று சொல், அங்கிருந்து ஓடு, பெரியவர்களிடம் சொல்" என்பதைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாடினார்கள். அந்தச் சூழலை அவர் உருவாக்கிய விதம் நன்றாகவே இருந்தது. ஆனால், ஒன்றரை மணி நேரம் முழுவதும் பேச்சு பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றியே நடந்ததே தவிர, பெரியவன் என்ன செய்யக் கூடாது என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தன் சித்தப்பாவின் கையைத் தட்டிவிட்டுக் கத்தும் என்று எதிர்பார்ப்பது எளிது. பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று பிறந்ததிலிருந்து பழக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த நேரத்தில் குரல் எழும்பாமல் போனால், பிறகு வீட்டில் முதலில் வரும் கேள்வி "நீ ஏன் கத்தவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்விக்கு நாமே முன்கூட்டி இடம் அமைத்துக்கொடுக்கிறோமோ என்று எனக்குத் தோன்றியது.

பத்து வயது இருக்கக்கூடிய ஒரு பையன் எழுந்து, "இது ஆம்பளப் பசங்களுக்கும் நடக்குமா அக்கா?" என்று கேட்டான். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண், "நடக்கலாம், நீங்களும் கவனமாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றைய தினத்தின் மிக நல்ல கேள்வி அது. இப்படிக் கடந்து போயிருக்கக் கூடாது. மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட 12,447 குழந்தைகளில் 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆண் பிள்ளைகள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான போக்சோ சட்டமும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே சொல்கிறது; ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களை அந்தப் பையனுக்குச் சொல்லியிருந்தால், பின்வரிசைச் சிரிப்பும் அடங்கியிருக்கும்.

கையேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் விவரங்கள் சரியானவை. எழுத்துப் பிழைகூட அதிகம் இல்லை. ஆனால் அட்டையில், முழங்காலை மடக்கி உட்கார்ந்து தலை குனிந்து, இரு கைகளாலும் முகத்தை மூடியிருக்கும் ஒரு சிறுமியின் கருநிழல் ஓவியம். இப்படிப்பட்ட செய்திகளோடு நாளிதழ்களில் அச்சாகும் அதே படம். குற்றம் செய்தவனை எங்கும் காணோம். தலை குனிந்திருப்பது குழந்தை. உள்ளே 32 பக்கம் எழுதிப் புரியவைக்க முயன்றதை அட்டை ஒரே பார்வையில் அழித்துவிடுகிறது.

சாப்பாடு நன்றாக இருந்தது. வெள்ளைப் பணியாரம் மட்டும் ஆறிப்போயிருந்தது.

பிற்பகல் அமர்வுக்காகவே இந்த நிகழ்ச்சிக்குப் போகலாம். பெரியவர்களுக்கென்று தனியாக, ஒரு பெண் வழக்கறிஞர் இரண்டரை மணி நேரம் நடத்தினார். சட்டத்தைப் பேசத் தொடங்குவதற்கு முன், ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "உங்கள் பிள்ளை வந்து இப்படி நடந்தது என்று சொன்னால், உங்கள் வீட்டில் முதலில் எழும் வாக்கியம் என்னவாக இருக்கும்? பெயர் வேண்டாம், உண்மையை மட்டும் எழுதுங்கள்" என்றார். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாக, எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல் வாசித்தார். "யாரிடமும் சொல்லிவிடாதே." "அங்கே உன்னை யார் போகச் சொன்னது?" "அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் தெரியுமா?" "நாளைக்கு உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே." நாற்பது சீட்டுகளுக்கு மேல் இருக்கும். "யார் அவன்?" என்ற கேள்வி இரண்டே சீட்டுகளில் இருந்தது. வாசித்து முடித்ததும் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சீட்டுகளை மேசையில் இரண்டு குவியலாக வைத்தார். பெரிய குவியலில் என் சீட்டும் இருந்தது.

அதன் பின் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி எழுந்தார்கள். "வக்கீலம்மா, செய்தவன் பங்காளி வீட்டுப் பையன். படைப்புக்கு எல்லாரும் அதே வளவில்தான் வந்து உட்கார வேண்டும். ஊருக்குத் தெரியாமல் நாங்களே கூடிப் பேசி முடித்துக்கொண்டால் தப்பா?" என்று கேட்டார்கள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. படைப்பு என்பது முன்னோருக்குப் படையலிட்டுப் பங்காளிகள் கூடிக் கும்பிடும் வழிபாடு; வளவு, வீட்டின் உள்முற்றப் பகுதி. செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்துவிட்டுப் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் பெரிய வீடுகள். அன்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்திறங்கும் தாய்பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்த அறையில் யாரோடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை என்று எல்லாரும் நம்பும் இரவுகள். அந்த நம்பிக்கையைத்தான் ஆச்சி காப்பாற்றப் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

வழக்கறிஞர் கோபப்படவில்லை. "தப்பு மட்டும் இல்லை ஆச்சி, சட்டப்படி முடியவும் முடியாது" என்று தொடங்கினார். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததையும், அந்த உத்தரவு செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொன்னார். பிறகு, "நீங்கள் பேசி முடித்தால் உங்களுக்கு முடியும். அடுத்த படைப்புக்கு அந்தப் பிள்ளையும் வரவேண்டும், அவனும் வருவான்" என்றார். ஆச்சி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓர் ஐயா, இப்படிப்பட்டவர்களை நடுத்தெருவில் தூக்கில் போட வேண்டும் என்று உரத்துச் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மிகக் கடுமையான பிரிவுகளில் மரண தண்டனைக்கும் இடம் உண்டு என்று வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். ஆனால், செய்தவன் தாய்மாமனாக இருக்கும்போது கயிற்றை நினைத்தே குடும்பம் வாயை மூடிக்கொள்கிறது என்றும், முகம் தெரியாதவனுக்குத் தூக்கும் முகம் தெரிந்தவனுக்கு மௌனமும் என்று இரண்டு நீதி வைத்திருக்கிறோம் என்றும் அவர் சொன்னபோது கைதட்டியவர்களில் சிலர் கையேட்டைப் புரட்டத் தொடங்கினார்கள்.

நடைமுறைகளை அவர் விளக்கிய விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை, வீட்டிலேயே அல்லது பிள்ளை விரும்பும் இடத்திலேயே வாக்குமூலம் பதிவு செய்யலாம். பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படாதபடி திரையோ காணொலியோ ஏற்பாடு செய்ய வேண்டும். சிவகங்கையில் உள்ள போக்சோ நீதிமன்றத்துக்குப் போனால் ஊரே பார்க்கும் என்று அஞ்சுபவர்களுக்கு, விசாரணை மூடிய அறையில் நடக்கும் என்பதும், பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்பதும் புதிய செய்திகள். ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

போக்சோ சட்டத்தின் பிரிவு 19க்கு அவர் வந்தபோதுதான் எனக்கு வியர்த்தது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த ஒரு சிறுமியின் தாய், பள்ளியில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லி என் எதிரில் அழுதார். பள்ளி நிர்வாகம் அவரிடம் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தது. பிள்ளை வேறு பள்ளிக்குப் போனது. அந்த மனிதர் அங்கேயே இருந்தார். நான் அந்தத் தாய்க்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "விடுங்கள், பிள்ளை படிப்பைப் பாருங்கள்" என்றேன். ஆறுதல் சொன்னதாகவே அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கறிஞரிடம் தனியே பேச விரும்பினேன். எனக்கு முன் வேறொரு பெண் காத்திருந்தார். இந்தப் பயிலரங்கின் மிகப் பெரிய குறை இதுதான்: இவ்வளவையும் கிளறிவிட்ட பிறகு, வாய் திறக்க வருபவருக்கு ஓர் அறைகூட ஒதுக்கவில்லை. இலை எடுப்பவர்களும் நாற்காலி அடுக்குபவர்களும் போய்வந்துகொண்டிருக்க, அந்தப் பெண் மேடை ஓரத்தில் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை என்று ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்துவிட்டிருக்கலாம். என் முறை வந்தபோது, மூன்றாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் புகார் செய்யக் காலவரம்பு இல்லை என்றும், முதலில் அந்தத் தாயிடமும் இப்போது வளர்ந்திருக்கும் பெண்ணிடமும் பேசும்படியும் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கையேட்டின் பின்னட்டையில் வட்டமிட்டுக் கொடுத்தார்.

மற்றொரு குறை, ஆண்கள். ஐம்பது பேர் இருந்த மண்டபத்தில் ஆண்கள் ஆறு பேர். அவர்களிலும் இருவர் சாப்பாட்டுக்குப் பின் காணாமல் போனார்கள். அழைப்பிதழிலேயே "தாய்மார்களே வாருங்கள்" என்று அச்சடித்தால் வேறு எப்படி இருக்கும்?

அடுத்த நிகழ்ச்சி தேவகோட்டையில் நடக்க இருக்கிறது. காலை அமர்வைத் தவிர்த்துவிட்டு மதியத்துக்கு மேல் போனாலும் கொடுத்த 200 ரூபாய் வீண் இல்லை. இரண்டு சீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்: ஒன்று என் அண்ணனுக்கு, மற்றொன்று எங்கள் ட்யூஷன் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஓட்டுநருக்கு. ஓட்டுநர் உடனே சரி என்றார். அண்ணன் அன்று மஞ்சுவிரட்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.