சவப்பெட்டியில் ஒரு தலை, மடியில் ஒரு தலை

நாயும் மனிதரும் பிணைந்திருப்பதை வரைந்த ஓவியர்களில் இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: எட்வின் லேண்ட்சீர், லூசியன் ஃப்ராய்ட்.

லேண்ட்சீர் 1837-இல் வரைந்த ஓவியத்தில் மேய்ப்பர் இறந்துவிட்டார். கம்பளி போர்த்திய சவப்பெட்டியின் மேல் அவருடைய நாய் தலையைச் சாய்த்திருக்கிறது. தரையில் தொப்பியும் கைத்தடியும். முக்காலியில் பைபிளும் மூக்குக்கண்ணாடியும். அழுவதற்கு வேறு யாரும் இல்லை. விமர்சகர் ஜான் ரஸ்கின் இதை வானளாவப் புகழ்ந்தார். நாய்க்கு மனிதத் துயரை ஏற்றிவிட்டார் என்ற குறை லேண்ட்சீர்மேல் உண்டு. ஓரளவு நியாயமான குறைதான். ஆனாலும் அந்தக் கழுத்தின் சாய்வு பொய்யில்லை.

ஃப்ராய்ட் 1950-51-இல் வரைந்ததில் தலை சாய்ந்திருப்பது உயிருள்ள மடியில். அமர்ந்திருப்பவர் அவருடைய முதல் மனைவி கிட்டி. நாய், திருமணப் பரிசாக வந்த புல் டெரியர். இங்கே கதை சொல்லும் பொருள் எதுவும் இல்லை. தோலும் ரோமமும் ஒரே அக்கறையோடு தீட்டப்பட்டிருக்கின்றன. நாய் நிம்மதியாக இருக்கிறது, கிட்டி அப்படி இல்லை. 1952-இல் இருவரும் பிரிந்தார்கள். பிற்காலத்தில் ஃப்ராய்ட் தம் விப்பெட் நாயான புளூட்டோவையும், தம் உதவியாளர் டேவிட் டாசனின் விப்பெட் நாயான ஈலையையும் வரைந்தார். 2011-இல் அவர் இறந்தபோது முடியாமல் நின்ற கடைசி ஓவியத்திலும் ஈலை இருக்கிறது.

விசுவாசத்தைக் காண விரும்புபவர் லேண்ட்சீரிடம் போகலாம். எனக்கு ஃப்ராய்ட்தான்: அவர் நாயிடம் எந்த நற்குணத்தையும் எதிர்பார்ப்பதில்லை.