‘ரகசியம்’ என்று பூட்டி அனுப்பிய ரேட் ஷீட் மண்டி முழுக்கச் சுற்றிய கதை

ஏஜென்ட் மூலமாக வெளியூர் பார்ட்டிக்கு மாங்காய் அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த மெயிலை அனுப்புங்கள். நான் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, காய் பறித்து, தரம் பிரித்து லோடு ஏற்றுகிறவன். ஏஜென்ட் பெயரை இங்கே போடப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2025 சீசன் எப்படி இருந்தது என்று நம்ம மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு விழுந்தது. குத்தகைப் பணத்தில் பாதியாவது தேறுமா என்றிருந்த நேரத்தில்தான், வாரம் 6 டன் செந்தூரா வேண்டும், நான்கு வாரம் தொடர்ந்து வேண்டும் என்று ஒரு வெளியூர் பார்ட்டியைக் கொண்டுவந்தார் இந்த ஏஜென்ட். "பார்ட்டி பெரிய இடம்ணா, மொத்தமா ஒரு ரேட் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, பிரேக்கப் போட்டு மெயில் பண்ணிடுங்க" என்றார்.

நானும் போட்டேன். தோப்பு விலை, பறிகூலி, காய் அடுக்கும் பெட்டி வாடகை, லாரி, கழிவு, கடைசியாக என் லாபம் கிலோவுக்கு 2 ரூபாய். வியாபாரத்தில் மனைவிக்குக்கூடச் சொல்லாத கணக்கு அது. கூடவே ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம். அவர் கேட்டார், நான் கொடுத்தேன். அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஜிமெயிலில் மெயில் எழுதும் பெட்டிக்குக் கீழே கடிகாரம் வைத்த ஒரு பூட்டுப் படம் இருக்கும், கான்ஃபிடன்ஷியல் மோடு. என் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். அதை அழுத்தினால் எதிராளி அந்த மெயிலை ஃபார்வர்ட் பண்ண முடியாது, காப்பி எடுக்க முடியாது, பிரிண்ட் போட முடியாது, டவுன்லோடும் ஆகாது. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து வருடம் என்று கெடு வைக்கலாம். நடுவிலேயே அனுமதியை ரத்தும் செய்யலாம். நான் ஒரு வாரம் வைத்தேன். மூன்றாம் நாள் "பார்ட்டி பாத்துட்டாங்கணா" என்று ஏஜென்ட் சொன்னதும், புத்திசாலித்தனமாக அனுமதியையும் ரத்து செய்துவிட்டேன். கல்லாப்பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். எனக்குப் போட்டிதான், ஆனால் நல்ல மனிதர். "அண்ணா, உங்க கணக்கு எங்க குரூப்புக்கே வந்திருக்கு, பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்.

கம்ப்யூட்டர் திரையை செல்போனில் எடுத்த போட்டோ. திரையில் அலை அலையாகக் கோடுகள், ஓரத்தில் ஒரு பேப்பர் டீ கப். நடுவில் என் அட்டவணை, லாபம் 2 ரூபாய் உட்பட, பளிச்சென்று. கீழே ஜிமெயில் போட்ட வரியும் அப்படியே விழுந்திருந்தது: இந்தத் தேதியோடு இந்த மெயில் காலாவதியாகிவிடும் என்று. டீ கப்புக்குப் பின்னால் பாதி தெரிந்த காலண்டரில் ஏஜென்டின் கடைப் பெயர்.

ஆர்டர் போய்விட்டது. இன்னொருவர் கிலோவுக்கு 75 பைசா குறைத்துக் கொடுத்தாராம். ஒரு லோடுக்கு 4,500 ரூபாய் வித்தியாசம். என் லாபம் எவ்வளவு என்று தெரிந்தவனுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்லியா தர வேண்டும்? ஏஜென்டைக் கேட்டேன். முதலில் "உங்க மெயில் ஹேக் ஆகியிருக்கும்ணா" என்றார். காலண்டரைச் சொன்னதும் "கடைப் பையன் எவனாவது எடுத்திருப்பான்" என்றார். அதற்கு மேல் போனை எடுக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, இந்த மோடில் அனுப்பினாலும் பெறுகிறவர் ஸ்கிரீன்ஷாட்டோ போட்டோவோ எடுப்பதைத் தடுக்க முடியாது என்று. அந்த மோடில் கடிதமும் இணைப்பும் எதிராளிக்குப் போவதே இல்லை, கூகுளிடமே இருக்கும். அவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும்தான். அதனால்தான் ரத்து செய்ய முடிகிறது. ஆனால் தலைப்பு வரி சாதாரண மெயில் போலவே போய்விடும். நான் அந்தத் தலைப்பில் பார்ட்டி பெயரையும் டன் கணக்கையும் போட்டிருந்தேன்!

சாதாரண மெயிலில் இந்த அளவு பிடிகூடக் கிடையாது. போனது போனதுதான். அனுப்பியதும் ‘அன்டூ’ என்று வருகிறதே, அது திரும்ப அழைப்பதில்லை. அதிகபட்சம் 30 விநாடி மெயிலை அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனிகள் வைத்திருக்கும் அவுட்லுக் மெயிலில், அனுப்பியதைத் திரும்பப் பெற ‘ரீகால்’ என்று ஒன்று உண்டு, அதுவும் ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். ஓசூர் கம்பெனி ஒன்று ஒருமுறை வேறு யாருக்கோ போக வேண்டிய பர்ச்சேஸ் ஆர்டரை எனக்கு அனுப்பிவிட்டது. பின்னாலேயே, அந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புவதாக இன்னொரு மெயில். முதல் மெயிலை நான் கவனிக்கவே இல்லை, இரண்டாவது வந்த பிறகுதான் அதைத் தேடிப் பிடித்து முழுக்கப் படித்தேன். சொல்ல வெட்கம்தான்.

மெயிலுக்கு அடியில் ‘இது ரகசியம், பகிரக் கூடாது’ என்று மூன்று வரி ஒட்டியிருந்தேன், பெரிய கம்பெனிகளைப் பார்த்து. தெரிந்த வக்கீல் சிரித்தார். "அவர் கையெழுத்துப் போட்டாரா? நீங்களா எழுதிட்டா அவரைக் கட்டுமா?" என்றார். வழக்கு, செலவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

ரேட்டை விட ஆதார் நகல்தான் இன்றுவரை உறுத்துகிறது. இப்போது யார் கேட்டாலும் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார்தான். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பிரேக்கப் யாருக்கும் கிடையாது. வேண்டுமென்றால் தோப்புக்கு வந்து காயைப் பார்த்துப் பேசட்டும்.

ரேட் மட்டும் மெயிலில்தான் கேட்கிறார்கள், தவிர்க்க முடியவில்லை. அதனால் இந்த சீசனில் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் பைசாவை மாற்றிப் போட்டு அனுப்பினேன். ஒருவருக்கு 20, ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 60. யாருக்கு எது என்று டைரியில் மட்டும் குறிப்பு.

போன வாரம் அதே காவேரிப்பட்டணத்துக்காரர் மறுபடி ஒரு போட்டோ அனுப்பினார். ரேட்டின் கடைசியில் 35 பைசா. டைரியைத் திறக்கவே இல்லை. 35 யாருக்குப் போட்டேன் என்று எனக்கு நினைவிருந்தது. என் சொந்த மச்சானுக்கு.