‘ஸோடியாக்’: ராசியே தாய்நாடாகும் ஒரு விண்வெளிக் கதை

இந்த நாவலை நான் முதன்முதலில் கண்டது ஒரு புத்தகக் கடையின் ஜோதிட அடுக்கில். குருப்பெயர்ச்சிப் பலன்களுக்கும் எண்கணிதக் கையேடுகளுக்கும் நடுவே, ராசிச் சக்கரத்தைக் குறிக்கும் சொல் தலைப்பாக இருந்த ஒரே காரணத்துக்காக, யாரோ அதைச் செருகி வைத்திருந்தார்கள். அடுக்கியவர் செய்தது பிழைதான் என்றாலும் முழுப் பிழை என்று சொல்ல முடியாது. ஏனெனில் ராசிக் கட்டத்தை ஓரளவு அறிந்த வாசகருக்கு, பிறர் கண்ணில் படாத சில நயங்கள் இந்தக் கதையில் தென்படுகின்றன.

ரொமினா ரசல் எழுதிய ‘ஸோடியாக்’ 2014ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவின் மயாமியில் வளர்ந்த இவர், பிற்காலத்தில் ரொமினா கார்பர் என்ற பெயரிலும் இளையோர் நாவல்கள் எழுதியிருக்கிறார். ‘ஸோடியாக்’ நான்கு நூல்கள் கொண்ட வரிசையின் முதல் நூல். பன்னிரண்டு ராசிகளும் பன்னிரண்டு உலகங்களாக, நாவலின் சொல்லில் பன்னிரண்டு ‘வீடு’களாக, ஒரே விண்மீன் மண்டலத்தில் அமைந்திருக்கின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் தலைவராக ஒரு காவலர் உண்டு. கடக வீட்டைச் சேர்ந்த பதினாறு வயது மாணவி ரோமா கிரேஸ், சுருக்கமாக ரோ, நண்பர்களுடன் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். நட்சத்திரங்களைப் பார்த்துப் பலன் சொல்லும் பாடத்தில், கணக்கு வராத காரணத்தால், ஆசிரியர்களிடம் திட்டு வாங்குபவள். கடகத்தின் நிலவுகளை ஒரு பெரும் வெடிப்பு தாக்குகிறது. ஆயிரக்கணக்கானோருடன் காவலரும் மடிந்துபோக, அந்தப் பதவி யாரும் எதிர்பாராத வகையில் இவள் தலையில் விழுகிறது.

‘வீடு’ என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மேலை ஜோதிடத்தில் ராசி வேறு, வீடு வேறு. ராசியையே வீடு என்று அழைப்பதற்கு ஆங்கில வாசகர் சற்றுப் பழக வேண்டியிருக்கும். நாமோ ‘கடகம் சந்திரனின் ஆட்சி வீடு’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள். இந்த ஆட்சி உறவு மேலை மரபிலும் அப்படியேதான் இருக்கிறது என்பதால், நாவலாசிரியர் கடகத்துக்கு நான்கு நிலவுகளைக் கொடுத்ததும், கதையின் முதல் அடியை அந்த நிலவுகள் மீதே இறக்கியதும் தற்செயலான தேர்வாகத் தோன்றவில்லை. கடகம் நீர் ராசி. ஆகவே ரோவின் தாய்க்கோள் பெருங்கடலால் ஆனது. நிலவு அடிபட்டால் கடல் என்ன ஆகும் என்ற கேள்வி வாசகர் மனத்தில் எழுவதற்கு முன்பே, அந்தக் கோள் நிலைகுலையத் தொடங்கிவிடுகிறது. ஒரு ஜோதிட விதியை இயற்பியல் விளைவாக மாற்றிக் காட்டும் இத்தகைய இடங்களில் நாவல் மிகவும் உயர்ந்து நிற்கிறது. ரோ படிக்கும் பயிற்சிக்கூடம் இருக்கும் நிலவின் பெயர் எலாரா. நம் வானத்தில் அது வியாழனைச் சுற்றும் சிறு துணைக்கோள் ஒன்றின் பெயர். கடகத்தில் குரு உச்சம் என்று இதற்கும் ஒரு முடிச்சுப் போடலாம், ஆனால் அது என் கற்பனையாகவே இருக்கட்டும்.

நட்சத்திரங்களைப் படிக்க இவர்கள் பயன்படுத்துவது ‘எஃபெமெரிஸ்’. அந்தச் சொல்லின் நடைமுறைப் பொருள் கோள்நிலை அட்டவணை, கிட்டத்தட்ட நம் பஞ்சாங்கம். நாவலில் அது அறை முழுவதும் விரியும் ஒளி வரைபடமாக மாறுகிறது. அதற்குள் நின்றுகொண்டு மனத்தை ஒருமுகப்படுத்தி, வருவதைக் காண வேண்டும். மற்ற மாணவர்கள் கருவி கொண்டு கோணங்களை அளக்க, ரோ மட்டும் வானத்தை வெறுமனே பார்த்துக் கதை புனைகிறாள். அவள் கண்டது பலித்தாலும் அளந்து காட்டாததால் அதற்கு மதிப்பில்லை. இந்த மோதலைப் படிக்கையில் எனக்கு நம் ஊர்ப் பஞ்சாங்கச் சண்டை நினைவுக்கு வந்தது. 2025 மார்ச் 29 அன்று, இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார். பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கம் அவரைக் கும்பத்திலேயே உட்கார்த்தி வைத்திருந்தது. இரண்டுமே கணக்குதான் என்பதால் ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது. ஆயினும், ஒரே வானத்தை இருவர் இருவிதமாகப் படித்தால் யார் சொல்லை நம்புவது என்ற சிக்கல் இரண்டிலும் ஒன்றுதான். நாவலின் முதுகெலும்பும் இந்தச் சிக்கலே. வரப்போகும் அழிவை ரோ கண்டுவிட்டாள், நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை.

அவள் காணும் எதிரி ஒஃபியூக்கஸ், நாடு கடத்தப்பட்ட பதின்மூன்றாவது காவலர், மற்றவர்களுக்கு வெறும் பழங்கதை. இதற்கு வானியலில் ஓர் உண்மையான அடிப்படை இருக்கிறது. சூரியனின் பாதையில் விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே, பாம்பைக் கையில் ஏந்திய மனிதனாகச் சித்திரிக்கப்படும் இந்த விண்மீன் குழு குறுக்கிடுகிறது. நவம்பர் இறுதி தொடங்கி டிசம்பர் நடுப்பகுதி வரை, அதாவது நமக்குக் கார்த்திகையின் பிற்பாதியில், சூரியன் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் வட்டத்தை முப்பது பாகை வீதம் பன்னிரண்டாகப் பிரித்துக்கொண்ட ஜோதிடத்தில் அதற்கு இடமில்லை. கிரேக்கப் புராணத்திலோ இந்த மனிதன், இறந்தவர்களையும் எழுப்பியதால் சீயஸின் இடிக்கு இரையான மருத்துவன் அஸ்கிலீபியஸ். கணக்குக்குள் அடங்காததால் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு விண்மீன் குழுவை, வஞ்சம் சுமந்து திரும்பும் பாத்திரமாக்கியதுதான் இந்த நாவலின் ஆகச் சிறந்த கற்பனை.

குறைகள் இதே கற்பனையின் மறுபக்கத்தில் இருக்கின்றன. ராசியை ஒரு நாடாக, ஒரு மண்ணாக, உணவாக, துக்கமாகக் காட்டும்போது உயிர்பெறும் கதை, அதையே ஒரு குணமாகச் சுருக்கும்போது வாடிவிடுகிறது. கடகத்தார் அனைவரும் தாயுள்ளம் கொண்டவர்கள், தனுசினர் அனைவரும் கேள்வி கேட்பவர்கள், துலாத்தினர் நீதி பேசுபவர்கள், மேஷத்தினர் படை நடத்துபவர்கள் என்ற வரையறை, நாட்காட்டியின் பின்பக்கத்தில் அச்சாகும் பொதுப்பலன்களை விடப் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை. கதையின் நடுப்பகுதி முழுவதும் ரோ ஒவ்வொரு வீடாகச் சென்று எச்சரிக்கிறாள், நம்ப மறுக்கிறார்கள், அடுத்த வீட்டுக்குப் பறக்கிறாள். மிதுனத்தின் இரட்டைக் காவலர்கள், பல நூற்றாண்டுகள் வாழ்ந்தும் சிறுவர் தோற்றத்திலேயே இருப்பவர்கள், தோன்றும் பக்கங்கள் மட்டும் இந்தச் சலிப்பை உடைக்கின்றன. மெய்க்காவல் படையைச் சேர்ந்த மத்தியாஸ், துலாத்திலிருந்து வந்த ஹைசன் என்ற இருவருக்கும் இடையே ரோவின் மனம் ஊசலாடுவது இந்த வகை நாவல்களின் கட்டாயச் சடங்கு. அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என் பெரிய மனத்தாங்கல் வேறு: ஊரும் நண்பர்களும் அழிந்த ஒரு பெண்ணுக்கு அழுது தீர்க்கப் போதிய பக்கங்களை ஆசிரியர் ஒதுக்கவில்லை. பதவியேற்பும் பயணமும் அவளை அவசரமாக இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன.

புத்தகத்தை அக்கா மகளுக்குக் கொடுத்தேன். பதினைந்து வயது, ஜூலை முதல் வாரத்தில் பிறந்தவள். ஆங்கிலப் பத்திரிகைக் கணக்குப்படி தான் கடகம் என்று உற்சாகமாகத்தான் தொடங்கினாள். ஆனி மாதத்தில் சூரியன் மிதுனத்தில் இருப்பான், ஆடி பிறந்தால்தான் கடகத்துக்கு வருவான் என்று என் அம்மா குறுக்கே புகுந்து சொல்ல, நமக்கு ராசி என்பது சந்திரன் நிற்கும் இடம், சுவாதியில் பிறந்த இவள் துலாம் என்று அக்கா முடித்து வைத்தாள். “அப்போ எந்த வீட்டுக்காரியா நான் இதைப் படிக்கணும், மாமா?” என்று அவள் கேட்டது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் நாவலின் உள்ளே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு வீட்டில் பிறந்தும், உதய ராசியின், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசியின், வலிமையால் வேறொரு வீட்டின் இயல்புக்கு மாறிவிடுபவர்களை இந்த உலகம் ‘ரைசர்’ என்று அழைத்து ஒதுக்கி வைக்கிறது. நம் சொல்லில், ராசியை லக்னம் வென்றுவிட்டவர்கள். பிறப்பே குணம் என்ற விதியை உள்ளிருந்து உடைக்கக்கூடிய இந்தக் கருத்தை முதல் நூல் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்கிறது. இரண்டாம் நூலான ‘வாண்டரிங் ஸ்டார்’தான் அதைக் கையில் எடுக்கிறது.

பன்னிரண்டு வயதுக்கு மேல், ஆங்கிலத்தில் ஓரளவு தடையின்றிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். மொழி எளிமையானது, அத்தியாயங்கள் சிறியவை. அறிவியல் துல்லியம் எதிர்பார்ப்பவர்களும், ஜோதிடம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் ஏமாறுவார்கள். முடிவு முழுமையான முடிவு அல்ல, ஆகவே தொடர்ச்சியையும் சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தொடங்குவது நல்லது. எங்கள் வீட்டில் இரண்டாம் நூல் வந்து ஒரு வாரம் ஆகிறது. தன் லக்னம் என்ன என்று பார்த்துச் சொல்லும்படி அவள் ஜாதகக் குறிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள்.