வீடு தேட ரீவியா, தரகரா?

பிபிசி 2002 முதல் நடத்தும் ‘எஸ்கேப் டு த கன்ட்ரி’ ரீவி நிகழ்ச்சியில், நகரத்தைவிட்டுக் கிராமத்துக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வீடுகளைக் காட்டுவார்கள். அதில் ஒன்று ‘மர்ம வீடு’. ஒவ்வொரு வீட்டின் விலையையும் நீங்களே ஊகிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் காணி, வீடு பார்ப்பதற்குத் தரகர்தான் நிகழ்ச்சி நடத்துநர். கமெரா மட்டும் இல்லை.

ரீவியில் பெரிய தொல்லை கூச்சம். உங்கள் கையிலுள்ள காசு எவ்வளவென்று நாட்டுக்கே தெரிந்துவிடும். இங்கே அந்தத் தொகையைத் தரகருக்கே குறைத்துத்தான் சொல்லுவோம். வெளிநாட்டுக்காசு என்று தெரிந்தால் விலை அன்றைக்கே ஏறும். அதனால்தான் பலர் ஊரிலுள்ள மாமாவை முன்னுக்கு விடுகிறார்கள்.

அங்கே குசினியைப் பார்த்து வாய் பிளந்தால் போதும். இங்கே முதலில் கிணறு. ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்க்க வேண்டும், நன்னீரா உவரா என்று. பக்கத்து வளவில் நல்ல தண்ணி என்பது உங்கள் கிணற்றுக்கு உத்தரவாதம் இல்லை. பிறகு உறுதி, அதாவது காணிப் பத்திரம். எத்தனை பரப்பு (ஒரு பரப்பு 10 பேர்ச்), பாதை யாருடையது, பங்குக் கிணறா? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு. கனடாவிலுள்ள ஒரு பங்காளி முரண்டுபிடித்தால் அலுவல் அப்படியே கிடக்கும்.

ஒன்றில் மட்டும் என் வாக்கு ரீவிக்கு: வாங்காமல் திரும்பினாலும் நிகழ்ச்சி ஒளிபரப்பாகும். தரகரோ, அடுத்தமுறை சந்தியில் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்.