12.8 வோல்ட் காட்டிய செத்த பேட்டரி: படகைக் குளிர்காலத்துக்குக் கரையேற்றி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றி, பேட்டரிகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் படகு நிறுத்தும் கூடத்தாரிடமே விட்டுவிட்டு வருபவர்கள் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து மாதப் பேட்டரிப் பராமரிப்புக்கென்று என்னிடம் தனிக் கட்டணம் வாங்கியவர்கள், அந்த ஐந்து மாதமும் அதைத் தொடாமல் சாகவிட்டு, ஒப்படைக்கும் நாளுக்குச் சற்று முன்பு சார்ஜ் ஏற்றி, நல்ல பேட்டரி என்று காட்டி என் கையில் கொடுத்தார்கள்.

மாதம் ஒருமுறை வோல்ட் அளந்து குறித்துவைப்பது, குறைந்திருந்தால் சார்ஜ் ஏற்றுவது, செல்களில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்ப்பது ஆகிய மூன்றும் ஒப்புக்கொண்ட வேலைகள். படகை விடும்போது, விளக்குகளுக்கும் ரேடியோவுக்குமான 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரி இரண்டு ஆண்டுகூட ஆகாதது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு சும்மா விட்டு அளந்தபோது 12.7 வோல்ட் இருந்தது. திரும்ப எடுக்கப் போன காலையில், பொறுப்பாளர் என் கண்முன்னே மீட்டரை வைத்து 12.8 என்று காட்டினார். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு என்பதால் எஞ்சினும் உடனே கிளம்பியது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த 12.8 என்னை ஏமாற்றிய எண். சார்ஜரைக் கழற்றியவுடன் அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் பேட்டரியின் உண்மை நிலையைவிட அதிகமாகவே காட்டும்; சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, எதுவும் இணைக்காமல் விட்ட பிறகு வரும் அளவையே நம்பலாம். முழுச் சார்ஜ் என்றால் அப்போது 12.6 முதல் 12.7 வரை நிற்கும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9 என்றால் காலி. மறுநாள் நான் அளந்தபோது 11.8 இருந்தது. அன்று மாலை விளக்கைப் போட்ட கால் மணி நேரத்துக்குள் ஒளி மங்கி, ரேடியோவும் அணைந்துபோனது.

வெளியே எடுத்துக் கையால் தடவிப் பார்த்தபோது பேட்டரியின் ஒரு பக்கச் சுவர் உள்ளங்கைக்குத் தெரியும் அளவுக்குப் புடைத்திருந்தது. மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்தேன் (வெறும் தண்ணீர் என்றால் 1.000 காட்டும்): முழுச் சார்ஜில் 1.265 காட்ட வேண்டிய அமிலம் ஒரு செல்லில் 1.120, மற்றவற்றில் 1.150-ஐ ஒட்டியே நின்றது. முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். காலியான பேட்டரியில் அது கிட்டத்தட்டத் தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்து விரியும். அந்தப் புடைப்புக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உறையாத செல்களிலும், மாதக்கணக்கில் காலியாகக் கிடந்ததால் தகடுகளின்மேல் ஈய சல்பேட் இறுகிப் படிந்திருக்கும். அப்படி இறுகியதை மறுபடி சார்ஜ் ஏற்றிக் கரைத்துவிட முடியாது.

அது காலியானதற்குக் காரணம் குளிர் அல்ல. குளிரில் பேட்டரி தானாகச் சார்ஜ் இழப்பது உண்மையில் குறையும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும், படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பும் எரிவாயு எச்சரிக்கைக் கருவியும் பல படகுகளில் நேரடியாகப் பேட்டரியோடு இணைக்கப்பட்டிருக்கும்; என் படகிலும் அப்படித்தான். 50 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுக்கும் கருவிகூட நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்றுவிடும், ஐந்து மாதத்தில் அது 180. டெர்மினலைக் கழற்றிவைத்திருந்தாலே இது நடந்திருக்காது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பராமரிப்புக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாதங்களுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஐந்திலும் 12.7. அங்கு வேலை பார்க்கும் ஒருவரே, படகு எடுக்க ஆள் வரும் வாரத்தில்தான் சார்ஜரை ஒவ்வொன்றாக மாட்டுவார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதற்கு நன்றியே.

ஆகவே, உங்கள் படகை எடுக்கப் போவதற்கு முந்தைய நாளே சார்ஜரைக் கழற்றிவிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மீட்டரை நீங்களே கொண்டுபோங்கள், ஹைட்ரோமீட்டர் இருந்தால் எல்லாச் செல்களையும் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தவர்கள் அதையே செய்வது நல்லது: முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ் இணைப்பைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், சார்ஜ் நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்கும் சார்ஜரில் விடுங்கள். கட்டுப்பாடில்லாத பழைய சார்ஜரை மாட்டிவிட்டு மறந்தால் செல்களில் நீர் வற்றித் தகடுகள் கெட்டுவிடும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அதைப் பாதிச் சார்ஜில் கழற்றிவைக்க வேண்டும், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

பேட்டரி பழசு என்று முதலில் மறுத்தவர்கள், குறிப்பேட்டின் படத்தைக் காட்டியதும் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். புதிய பேட்டரியை நான்தான் வாங்கினேன்.