ஐந்து ரோடு ஜப்பானிய வகுப்பு: பருவக்காற்றுப் பாடத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

சேலம் ஐந்து ரோடு பகுதியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்பு ஒன்றில் இடைநிலைப் பாடத்தை அண்மையில் முடித்தேன். அங்கே சேரலாமா என்று கேட்பவர்களுக்கு வானிலைப் பாடம் நடந்த விதத்தைச் சொன்னாலே போதும்.

பருவக்காற்றை ஜப்பானியர் 'கிசெட்சுஃபூ' என்பார்கள். 'கிசெட்சு' பருவம், 'ஃபூ' காற்று. பொருளை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவாமல், ஆசிரியை முதலில் உச்சரிப்பைத் திருத்தினார். 'பூ' என்பதும் தவறு, மேற்பல்லைக் கீழுதட்டில் பதிப்பதும் தவறு என்று சொல்லி, ஆளுக்கொரு காகிதத் துண்டை வாய்க்கு நேரே பிடிக்கவைத்து, உதடுகளை லேசாக நெருக்கி ஊதினால் அது அசைகிறதா என்று பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுத்த காசுக்குத் தகும். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வடமேற்குக் காற்று, ஜப்பான் கடலில் ஈரத்தை வாங்கி அக்கரையோரம் பனியாகக் கொட்டிவிட்டு, மலை தாண்டி டோக்கியோ பக்கம் வறண்டு இறங்குகிறது. இதைத்தான் வானிலை அறிக்கைகளில் 'ஃபுயு நோ கிசெட்சுஃபூ' என்கிறார்கள். பக்கத்து வீட்டாரிடம் காற்று பலமாக இருக்கிறது என்று சொல்வதற்கோ 'கஸே' என்ற சாதாரணச் சொல்லே பொருந்தும். ஏற்காட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் ஊர் ஐப்பசி மழையைக் கிசெட்சுஃபூ என்று எழுதியிருந்தார். அது காற்றை மட்டுமே குறிக்கும், மழைக்காலத்துக்கு 'உகி' என்று எழுதுங்கள், 'ட்சுயு' என்பது ஜூன், ஜூலைவாக்கில் ஜப்பானில் பெய்யும் மழைக்கு உரியது என்று ஆசிரியை பிரித்துக் காட்டினார். பருவக்காற்று வேறு, பருவமழை வேறு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். 'மான்சூன்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்குபவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

குறைகளும் உண்டு. நகலெடுத்துத் தரும் தாள்கள் மங்கலாக இருப்பதால், 'கிசெட்சு' போன்ற சொற்களை எழுதும் 'காஞ்சி' எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் கோடுகளை எண்ணவே முடிவதில்லை. கேட்டல் பயிற்சியின்போது சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பேருந்துச் சத்தம். தேர்வை மட்டும் குறிவைத்துப் படிப்பவர்களுக்கு இந்த நிதானம் பொறுமையைச் சோதிக்கும். வேலைக்காக ஜப்பான் போய் அங்குள்ளவர்களோடு பேசிப் பழக வேண்டியவர்கள் தயங்காமல் சேரலாம். கட்டணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். பாடநூலுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.