ஜீப் அனுப்புற சென்டருக்கு ஆளை அனுப்பாதீங்க: நெல்லைப் பக்கம் குடிநோய் வைத்தியம் தேடுன ரிவ்யூ

அத்தானுக்கு மாலை போட்டு ரெண்டாவது நாளு ராத்திரி ஃபிட்ஸ் வந்துட்டு. கார்த்திகை ஒண்ணாந்தேதி குருசாமி கையால மாலை போட்டாவ, அதுல இருந்து ஒரு சொட்டு தொடல, அக்கா பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டே எனக்கு போன் போட்டு எலேய் உங்க அத்தான் திருந்திட்டாவடான்னு ஒரே அழுகை. மறுநாள் பாத்தா கை நடுங்குது, டம்ளர்ல குடுத்த காப்பி பாதி வேட்டியில, வேர்த்து ஊத்துது, செவுத்துல எறும்பு ஊருதுன்னு துண்டை வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருக்காவ, செவுத்துல ஒண்ணும் இல்ல. ராத்திரி தடால்னு விழுந்து வெட்டி வெட்டி இழுக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி சாவிக்கொத்தைக் கையில திணிக்கா, இன்னொருத்தர் சாமி குத்தம்ங்காரு. 108 வந்ததால பொழைச்சோம்.

ஆஸ்பத்திரியில டூட்டி டாக்டர் சொன்னதுதான் இந்த விஷயத்துல நான் மொதல்ல படிச்ச பாடம். பதினஞ்சு வருஷமா தினமும் குடிச்ச ஒடம்பு திடீர்னு நிறுத்துனா அன்னைக்கே நடுக்கம் ஆரம்பிக்கும், ஃபிட்ஸ் பெரும்பாலும் மொத ரெண்டு நாளைக்குள்ள வரும், மூணாவது நாளு வாக்குல சில பேருக்குப் புத்தி பேதலிச்சு ஆள் அடையாளமே தெரியாமப் போகும், கவனிக்கலைன்னா உசுருக்கே ஆபத்து. குடிச்சுச் சாவாங்கன்னு தெரியும், நிறுத்தியும் சாவாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதனால வைராக்கியத்துல நிறுத்துறேன், கோயில்ல கயிறு கட்டி நிறுத்துறேன்னு வீட்டுல யாராவது சொன்னா சந்தோஷப்படுங்க, ஆனா கயிறு கட்டுறதுக்கு முன்னால ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கட்டுங்க.

சரி, ரிவ்யூவுக்கு வாரேன். அந்த ஃபிட்ஸுக்குப் பொறவு தை மாசமே அத்தான் திரும்ப ஆரம்பிச்சுட்டாவ. கொத்தனார் வேலை, சாயந்திரம் கூலி வாங்குனா நேரா கடை, ஒரு குவாட்டர்ல ஆரம்பிச்சு எங்க போய் முடியும்னு தெரியாது. முக்கூடல்ல அக்கா சுத்துற பீடிக் காசுலதான் ரெண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ். நான் வண்ணார்பேட்டையில ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நிக்கேன், லீவு போட்டா சம்பளம் போச்சு. அந்த நேரத்துல அக்கா கையில கெடைச்சது லைட் கம்பத்துல ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். குடிகாரரை உங்கள் வீட்டிற்கே வந்து அழைத்துச் செல்வோம், நூறு சதவீத கேரண்டி, கீழ ரெண்டு செல் நம்பர். பேரு போட மாட்டேன், நாலு வழிச்சாலை ஓரமா ஒரு சென்டர், அவ்வளவுதான்.

விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜீப்புல நாலு பேர் வந்தாவ. அத்தான் கைலியோட தூங்கிக்கிட்டு இருந்தாவ, ரெண்டு பேர் கை, ரெண்டு பேர் காலு, வாசல்ல எல்லாரும் பாக்க ஆளைத் தூக்கி உள்ள போட்டுட்டுப் போயிட்டாவ. சின்னப் பிள்ளை அப்பாவைத் திருடன் தூக்கிட்டுப் போறான்னு கத்துனது இன்னும் காதுல இருக்கு. அட்வான்ஸ் பதினஞ்சாயிரம், மூணு மாசம் இருக்கணும்னாங்க, மொத இருபத்தொரு நாளு பாக்கவும் கூடாது, போனும் கூடாது, சிகிச்சை கெட்டுப் போகுமாம்.

நான் பத்தாவது நாளே போய் நின்னேன். அரைமணி நேரம் வாசல்ல வாக்குவாதம் பண்ணித்தான் உள்ள விட்டாவ. ஒரு பெரிய ஹாலு, ஷட்டரை வெளிய இருந்து பூட்டியிருக்கு, முப்பது பேருக்கு மேல தரையில, குடிகாரங்க, கஞ்சா அடிக்கிற காலேஜ் பையன், மனசு சரியில்லாத ஒரு பெரியவரு, எல்லாரும் ஒரே எடத்துல. டாக்டர் எங்கன்னேன், வாரத்துக்கு ஒருக்க வருவாரு. ராத்திரி ஃபிட்ஸ் வந்தா? பதில் இல்ல. ரெஜிஸ்ட்ரேஷன் காட்டுங்கன்னா லேமினேட் பண்ண ட்ரஸ்ட் பத்திரத்தைக் காட்டுதான். அது ட்ரஸ்ட் ஆரம்பிச்ச பத்திரம் அண்ணாச்சி, சிகிச்சை குடுக்க அனுமதி இல்ல. அத்தான் கையை நீட்டுனாவ, மணிக்கட்டுல கயிறு அறுத்த தடம் ரெண்டு சுத்து. வரியான்னு கூட நான் கேக்கல, செருப்பு கூட இல்லாம நடக்க ஆரம்பிச்சுட்டாவ. பணம் திரும்பி வரல. சாப்பாட்டைக் கேட்டேன், சாம்பார் நல்லா இருந்துச்சாம், அதையும் சொல்லிருதேன்.

ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி ஞாபகம் இருக்கா? 2001 ஆகஸ்ட் 6, மனசு சரியில்லாதவங்களைச் சங்கிலியில கட்டி வச்சிருந்த கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, ஓடக்கூட முடியாம. 2017ல வந்த மனநலச் சட்டத்துல ஆளைச் சங்கிலியில கட்டவே கூடாதுன்னு இருக்கு. குடியால வர்ற மனநோயும் அந்தச் சட்டத்துக்குள்ளதான் வருது. தானா வராத ஆளைச் சேர்க்கணும்னா ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்து எழுதணும், அதுல ஒருத்தர் மனநல டாக்டர், அதுவும் மொத தடவை 30 நாளைக்குத்தான். ஜீப்புல வந்த நாலு பேர்ல யாரு டாக்டர்? அதனாலதான் சொல்லுதேன், வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போறோம்னு போன்ல சொன்னா அந்த எடத்துலயே போனை வச்சிருங்க. தூக்கிட்டுப் போன ஆளு வெளிய வந்ததும் மொத வேலையா கோவத்துல குடிக்கான். அத்தான் வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயந்திரமே குடிச்சாவ, அக்காகிட்ட ரெண்டு மாசம் முகம் குடுத்துப் பேசல.

நடுவுல ஒரு பொடியும் வந்துச்சு. கொரியர்ல, சாப்பாட்டுல கலந்து குடுங்க, அவருக்கே தெரியாம நிறுத்திரும்னு. லேபிள்ல என்ன மருந்துன்னே எழுதல. அக்கா ரசத்துல கலக்கப் போனா, நான் தான் வாங்கிச் சாக்கடையில கொட்டுனேன். குடியை நிறுத்த டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை உண்டு, அதைப் போட்டுட்டுக் குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் எறங்கும், இதய நோய் உள்ளவனுக்கு உசுரே போகலாம். தெரியாம ரசத்துல குடுத்துட்டு அவரு பாட்டுக்குக் கடைக்குப் போனா என்ன ஆகும்? கொரியர் பொடியில அது இருக்கோ மாவு இருக்கோ யாருக்குத் தெரியும்.

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மனசு வெறுத்துப் போய் 14416க்கு அடிச்சேன். டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 2022ல ஆரம்பிச்சது, இருபத்துநாலு மணி நேரமும், காசு கெடையாது. தமிழ்ல ஒரு பிள்ளை பேசுச்சு, பேரு கூடக் கட்டாயப்படுத்திக் கேக்கல. அது கேட்ட மொத கேள்வி, அவருக்கு ஏற்கனவே ஃபிட்ஸ் வந்திருக்கான்னு. நான் ஆமான்னதும் அப்போ வீட்டுல வச்சு நிறுத்தாதீங்க, பெட் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும், மனநலப் பிரிவுல கேளுங்கன்னு சொல்லிச்சு. போதைக்குன்னே தனியா 14446ன்னு ஒரு நம்பரும் இருக்கு, அதுவும் இலவசம், மத்திய அரசு மானியத்துல நடக்கிற சென்டர் பக்கத்துல எங்க இருக்குன்னு அதுல கேக்கலாம். ஆறு மாசத்துக்கு முன்னால இது தெரிஞ்சிருந்தா பதினஞ்சாயிரம் மிச்சம்.

கடைசியில போனது நம்ம பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜோடது. 1965ல இருந்து இருக்கிற காலேஜ், பிறந்ததுல இருந்து பாக்கேன், ஆனா குடிக்கு அங்க வைத்தியம் உண்டுன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க, அதுதான் கொடுமை. மனநலப் பிரிவுன்னதும் அத்தான் நான் என்ன கோட்டிக்காரனான்னு வாசல்லயே நின்னுட்டாவ. நான் ஒண்ணும் பேசல, டீ வாங்கிக் குடுத்தேன். டீ கிளாஸ் நடுங்குது, அதைப் பாத்துட்டு அவாளே சரி வான்னாவ.

உள்ள டாக்டரம்மா என்னையும் அக்காவையும் வெளிய ஒக்காரச் சொல்லிட்டு அத்தான்கிட்ட மட்டும் பேசுனாவ. அப்புறமா அத்தான் சொன்னது, இத்தனை வருஷத்துல நீங்க என்ன நெனைக்கீங்கன்னு கேட்டது அந்தம்மா ஒருத்திதான்லே. எத்தனை மணிக்கு மொத கிளாஸ், குடிக்கலைன்னா என்ன ஆகுது, நிறுத்திப் பாத்திருக்கீங்களா, எதுக்குக் குடிக்கீங்க, எல்லாம் கேட்டு எழுதியிருக்காவ. பொறவு ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் மேல ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சுப் பாத்தாவ. பேப்பரு படபடன்னு அடிச்சுக்கிட்டுச்சு. அத்தானே அதைப் பாத்துக்கிட்டு இருந்தாவ, ஒண்ணும் பேசல. அட்மிஷன் பேப்பர்ல அவாளே கையெழுத்துப் போட்டாவ.

வார்டுல பத்து நாளு. மொதல்ல வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, அதை நாளுக்கு நாளு கொறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திட்டாவ, ஈரலுக்கு ரத்த டெஸ்ட், ராத்திரியும் நர்ஸ் வந்து பிரஷர் பாத்தாவ. நான் ஒரு பைசா குடுக்கல. அஞ்சாவது நாளு அதே பேப்பரை வச்சுப் பாத்தாவ, அசையல. கவுன்சிலிங்ல அக்காவைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனது எனக்குப் புதுசு. அவ பத்து வருஷமா சம்பளத்தன்னைக்கு வாசல்ல நின்னு பர்ஸை வாங்குறதும், சண்டை போடுறதும், மறுநாள் மேஸ்திரிகிட்ட காய்ச்சல்னு பொய் சொல்லுறதுமா இருந்தா, அந்தப் பொய்யை மட்டும் இனி நீங்க சொல்லாதீங்கம்மான்னாங்களாம்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால அதே டைசல்ஃபிராம் பேச்சு வந்துச்சு. வித்தியாசத்தைப் பாருங்க, இங்க அத்தான ஒக்கார வச்சு எல்லாம் சொல்லி, இதய டெஸ்ட் எடுத்து, வேணுமா வேண்டாமான்னு கேட்டு, எழுதி வாங்கிட்டுத்தான் குடுத்தாவ. இருமல் சிரப்புல கூட ஆல்கஹால் இருக்கும், வாசிச்சுப் பாத்து வாங்கணும், ஷேவிங் லோஷன் கூடப் போடாதீங்கன்னாவ. இப்போ காலையில அக்கா பீடித்தட்டை எடுக்குறதுக்கு முன்னால மாத்திரையை எடுத்துக் குடுக்கா, அவாளே வாங்கித் தண்ணி ஊத்தி முழுங்குதாவ. ரசத்துல எதுவும் இல்ல.

ஒழுங்கா போச்சான்னு கேட்டா, இல்ல. சித்திரையில எங்க சுடலைமாடன் கோயில் கொடைக்குப் பிளான் போட்டு மூணு வாரம் முன்னாலயே மாத்திரையை நிறுத்திட்டு நல்லாக் குடிச்சாவ. அக்கா ஒடைஞ்சு போயிட்டா. நான் பயந்துகிட்டேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டரம்மா திட்டுவாவன்னு. எத்தனை நாள்ல திரும்பி வந்தீங்கன்னு மட்டும் கேட்டாவ. நாலு நாளுன்னோம். போன தடவை எத்தனை வருஷம்னு கேட்டுட்டு மாத்திரை எழுதிட்டாவ. சுகர், பிரஷர் மாதிரி இதுவும் திரும்ப வரும் போகும், விட்டுறக் கூடாதுன்னாவ.

ஏஏ மீட்டிங்கும் போறாவ, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. இங்க ஒரு சர்ச் ஹால்ல சாயந்திரம், ஃபீஸ் கெடையாது, ஜாதி மதம் கேக்க மாட்டாங்க, ஊர் பேரு கூட வேண்டாம். அங்க ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் லோடுமேனும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து கதை சொல்லுதாங்க. குடும்பத்துக்காரங்களுக்குன்னு தனி மீட்டிங் உண்டு, அக்கா பீடித்தட்டை எடுத்துட்டு வரலாமான்னு கேட்டா.

சென்னையில குடி, போதை வைத்தியத்துக்குன்னே டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, சாந்தி ரங்கநாதன் 1980ல ஆரம்பிச்சது, இந்த வேலைக்காகவே அவங்களுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. நான் போகல, அதனால மார்க் போட முடியாது. பையன் வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போடுதான்னு கடைக்கு வர்ற ஒரு அண்ணாச்சி அழுதாரு. அவருக்கு நான் சொன்னது, அதுக்கு வைத்தியமே வேற, டாக்டர் மேற்பார்வையில புப்ரினார்ஃபின்னு ஒரு மருந்து குடுப்பாங்க, ஊசி மாத்திப் போட்டிருந்தா எச்ஐவி, மஞ்சக்காமாலை டெஸ்டும் எடுக்கணும், அடிச்சுப் பூட்டி வச்சு ஒண்ணும் ஆகாது. கஞ்சாவுக்கு மாத்திரை வைத்தியம்னு தனியா கெடையாது, பேச்சுதான், கவுன்சிலிங். இதைக் குணமாக்குற மாத்திரைன்னு எவனாவது வித்தா நம்பாதீங்க.

எய்ம்ஸ்காரங்க 2019ல வெளியிட்ட சர்வேயில குடிக்கு அடிமையான 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கெடைச்சிருக்குன்னு இருக்கு. மீதி முப்பத்தேழு பேருல எத்தனை பேரை ஜீப்பு தூக்கிட்டுப் போச்சோ.

தனியார்ல சேர்க்கிற வசதி இருக்குன்னா தாராளமாச் சேருங்க, நல்ல எடமும் இருக்கு. மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ண சர்டிஃபிகேட்டைக் கண்ணால பாருங்க, ராத்திரி யாரு இருப்பான்னு கேளுங்க, போன் பேச விடுவாங்களான்னு கேளுங்க. இன்சூரன்ஸ் இருக்கேன்னு நெனைக்காதீங்க, நெறைய பாலிசியில குடிக்கான சிகிச்சை விலக்குப் பட்டியல்லதான் இருக்கும்.

ஹைகிரவுண்டுக்குப் போறவங்க காலையில வெள்ளன போங்க, ஆதார் ஜெராக்ஸ், பழைய மருந்துச் சீட்டு, ஒரு பாய், சொம்பு, ரெண்டு கைலி எடுத்துக்கோங்க, கூட ஒரு ஆளு தங்குற மாதிரி லீவு சொல்லிட்டுப் போங்க. அத்தான் பக்கத்துல ஒக்காந்து இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சேக்கச் சொன்னாவ: வார்டுக்குள்ள பீடி தீப்பெட்டி விட மாட்டாங்க, அதை வாசல்லயே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, உள்ள போய் தெரிஞ்சா ஆளு ஓடிருவான்னு.